அண்ணனுக்குப் பொருந்திய சிபிஎஃப் கணக்கு தம்பிக்குப் பொருந்தாது

சிங்கப்பூர்த் தேக்கா நிலையத்துக் காப்பிக்கடையில் சிபிஎஃப் பேச்சு எழுந்தால் இரண்டு வாசகங்கள் தவறாமல் வரும். “நம்ம காச நமக்கே தர மாட்டேங்கிறாங்க” என்பது ஒன்று. “எங்க அண்ணன் அம்பத்தஞ்சுல நிறைய எடுத்தாரு, எனக்கு மட்டும் ஏன் இல்ல?” என்பது மற்றொன்று. முதல் வாசகத்துக்குப் பின்னால் நாற்பது வருட வரலாறு இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் சுருக்கமானது: அண்ணன் பிறந்த வருடம் வேறு.

செய்தித்தாள் மசேநி என்றும் வீட்டில் சிபிஎஃப் என்றும் சொல்லும், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியின் விதிகள் எல்லாருக்கும் ஒரே நாளில் மாறுவதில்லை. பிறந்த வருடத்தைப் பார்த்து, வரிசை வரிசையாக மாறுகின்றன. 1958இல் பிறந்தவருக்கு ஒன்று, 1971இல் பிறந்தவருக்கு வேறொன்று. மூத்தவருக்கு நடந்ததை நம்பித் திட்டம் போடுவதால் வரும் நட்டம்தான் அதிகம்.

சண்டை எங்கே தொடங்கியது என்று தெரிந்தால் விதிகளின் போக்கு பிடிபடும். சிபிஎஃப் 1955 ஜூலை 1இல் நடப்புக்கு வந்தபோது சம்பளத்தில் ஊழியர் 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. 55 வயதில் பணம் கைக்கு வரும். 1984இல் அன்றைய சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு அந்த வயதை 60ஆக உயர்த்தலாம் என்றது. ஊரே கொதித்தது. அந்த வருட டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சி இரண்டு தொகுதிகளை இழந்தது. வாக்கு விகிதம் 64.8 விழுக்காட்டுக்கு இறங்கியது. யோசனை கைவிடப்பட்டது. அதன் பிறகு எந்த அரசாங்கமும் 55 என்ற எண்ணைத் தொடவில்லை. அதைச் சுற்றி இருந்தவற்றைத்தான் மாற்றினார்கள். 1987இல் குறைந்தபட்சத் தொகை வந்தது: 55இல் எடுக்கலாம், ஆனால் 30,000 வெள்ளியை விட்டுவைக்க வேண்டும். அந்தத் தொகை ஏறிக்கொண்டே போனது. விட்டுவைத்த பணம் மாதாமாதம் வரத் தொடங்கும் வயதும் 60இலிருந்து 62, 63, 64 என்று படிப்படியாக நகர்ந்து, 1954இலோ பிறகோ பிறந்தவர்களுக்கு 65இல் நின்றது. 55இல் ஒரு பங்கை எப்படியும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்த சலுகையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மறைந்தது. வயதை ஒரேயடியாக உயர்த்தியிருந்தால் குறைந்தது புரிந்திருக்கும். இப்படிச் சுற்றி வளைத்ததால்தான் அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேறு வேறு கணக்குச் சொல்கிறார்கள்.

2014இல் ஹொங் லிம் பூங்காவில் எதிர்ப்புக் கூட்டம் கூடியதும் இதற்காகத்தான். அந்த ஆண்டு அமைந்த ஆலோசனைக் குழு, ஒரே குறைந்தபட்சத் தொகைக்குப் பதிலாக மூன்று படிகளைப் பரிந்துரைத்தது: அடிப்படை, முழு, மேம்பட்ட ஓய்வுக்காலத் தொகைகள். இன்று எல்லாக் கணக்கும் இந்த மூன்றையும் வைத்துத்தான் ஓடுகிறது.

முழுத் தொகை என்ன என்பதை 55ஆவது பிறந்தநாள் எந்த வருடத்தில் வருகிறது என்பது முடிவு செய்யும். 2016இல் 55 ஆனவருக்கு 161,000 வெள்ளி. 2020இல் 181,000. 2024இல் 205,800. 2025இல் 213,000. 2026இல் 220,400. 2027இல் 228,200. அடிப்படைத் தொகை இதில் பாதி. 55 அன்று எந்த எண் உங்களுக்கு விழுந்ததோ அது ஆயுளுக்கும் அதே. பிறகு வருடாவருடம் ஏறுவது உங்களைத் தொடாது. “ஒவ்வொரு வருஷமும் ஏத்திக்கிட்டே போறான், நான் எப்படிப் பிடிக்கிறது” என்று 60 வயதுக்காரர் புலம்பத் தேவையில்லை.

இனி 1971இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2026இல் அவருக்கு 55 ஆகிறது. சிபிஎஃப் பணம் பிரிந்து சேரும் கணக்குகளில், ஓய்வுக்காலத்துக்கான சிறப்புக் கணக்கில் 130,000, வீட்டுக்கும் பயன்படும் சாதாரணக் கணக்கில் 140,000. பிறந்தநாளன்று ஓய்வுக்காலக் கணக்கு என்ற புதுக் கணக்கு தானாகத் திறக்கும். முதலில் சிறப்புக் கணக்கின் 130,000 முழுதும் அங்கே போகும். 220,400 நிரம்ப இன்னும் 90,400 வேண்டும். அது சாதாரணக் கணக்கிலிருந்து போகும். மிச்சம் சாதாரணக் கணக்கில் 49,600. அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அன்றே எடுத்தாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. எடுக்காமல் விட்டால் 2.5 விழுக்காடு வட்டியோடு இருக்கும். சேமிப்புக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளலாம்.

2025 ஜனவரிக்கு முன்பு 55 ஆனவர்களுக்குச் சிறப்புக் கணக்கு மூடப்படாமல் இருந்தது. ஓய்வுக்காலக் கணக்கு நிரம்பிய பின்னும் சிறப்புக் கணக்கில் பணம் இருந்தால் 4 விழுக்காடு வட்டியும் கிடைத்தது, நினைத்த நாளில் எடுக்கவும் முடிந்தது. இதைத் தெரிந்துகொண்ட சிலர் 55க்குச் சில வாரங்கள் முன்பு சிறப்புக் கணக்கில் 40,000 மட்டும் விட்டுவிட்டு மீதியை ஆபத்துக் குறைந்த நிதியத்தில் போடுவார்கள். ஓய்வுக்காலக் கணக்கு சாதாரணக் கணக்கின் 2.5 விழுக்காட்டுப் பணத்தை வைத்து நிரம்பும். அது முடிந்ததும் நிதியத்தை விற்று, பணத்தைச் சிறப்புக் கணக்குக்கே திருப்பிவிடுவார்கள். சட்டப்படி குற்றமில்லை. 2024 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய துணைப் பிரதமர் லாரன்ஸ் வோங், 55 வயதானவர்களின் சிறப்புக் கணக்கு மூடப்படும் என்று அறிவித்தார். 2025 ஜனவரியில் மூடப்பட்டது. நீண்ட காலம் பூட்டி வைக்கும் பணத்துக்குத்தான் உயர்ந்த வட்டி என்பது அரசாங்கத்தின் வாதம். வாதம் சரியானது. ஆனால் அப்போது 54 வயதாகியிருந்த, பத்து வருடமாக அந்த வழியை எண்ணிச் சேர்த்தவருக்குக் கிடைத்தது ஒரு வருடத்துக்கும் குறைவான அவகாசம். அவர்கள் கோபமும் நியாயமானதே. இன்றும் இணையத்தில் அந்தப் பழைய உத்தியை விளக்கும் காணொளிகள் சுற்றுகின்றன. யாராவது அனுப்பினால் தேதியைப் பாருங்கள்.

மூடியதால் எவ்வளவு இழப்பு? 2026இல் 55 ஆகும் ஒருவரிடம் சிறப்புக் கணக்கில் 250,000 இருந்தால், 220,400 போக 29,600 சாதாரணக் கணக்குக்கு இறங்கும். 4க்கும் 2.5க்கும் உள்ள 1.5 விழுக்காட்டு வித்தியாசம் வருடத்துக்கு 444 வெள்ளி. அந்த வட்டியை விட மனமில்லாதவர் 29,600ஐ ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றலாம். 2026இல் மேம்பட்ட தொகையான 440,800 வரை இடம் உண்டு. ஆனால் உள்ளே போன பணம் திரும்பாது. மாதத் தொகையாகத்தான் வரும். 444 வெள்ளிக்காக 29,600ஐப் பூட்டுவதா என்பதை மகள் கல்யாணம், வீட்டுப் பழுது, வேலை போகும் அபாயம் எல்லாவற்றையும் எண்ணிய பிறகு முடிவு செய்யுங்கள். 55 அன்றே செய்ய வேண்டிய அவசரம் இல்லை, 58இலும் செய்யலாம்.

வீட்டுக் கடன் இன்னும் பாக்கி இருப்பவர்களுக்கு 55 வேறொரு விதத்தில் இடிக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாதத் தவணையைச் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டிக்கொண்டிருப்பவரின் சாதாரணக் கணக்குப் பணம் பிறந்தநாளன்று ஓய்வுக்காலக் கணக்கை நிரப்பப் போய்விடுகிறது. சேமிப்புக் குறைவாக உள்ளவருக்கு மொத்தமும் போய்விடும். அடுத்த மாதத் தவணைக்குக் கணக்கில் பணமில்லை என்று கடிதம் வரும்போதுதான் தெரியும். இதற்கு வழி இருக்கிறது: 55ஆவது பிறந்தநாளுக்கு முன்பே, வீட்டுக் கடனுக்காகச் சாதாரணக் கணக்குப் பணத்தை ஒதுக்கி வைக்கும்படி விண்ணப்பிக்க வேண்டும். பிறந்தநாள் கடந்த பிறகு விண்ணப்பித்தால், போனது போனதுதான்.

பணம் மிச்சமிருந்தாலும் மாத வரவு குறையும். சம்பளம் 4,000 என்று வையுங்கள். 50இலிருந்து 55 வரை ஊழியரும் முதலாளியும் சேர்ந்து கட்டும் மொத்தச் சந்தா 37 விழுக்காடு. அதில் சம்பளத்தின் 15 விழுக்காடு, அதாவது 600 வெள்ளி, சாதாரணக் கணக்குக்குப் போகும். 55 தாண்டியதும் 2026இன் விகிதப்படி மொத்தம் 34 விழுக்காடு; சாதாரணக் கணக்கின் பங்கு 12 விழுக்காடு, 480 வெள்ளி. தவணை சரியாக 600 என்றால் மாதம் 120 குறையும். ஊழியர் சந்தா 20இலிருந்து 18 விழுக்காடாக இறங்குவதால் கைச்சம்பளம் 80 வெள்ளி கூடும். அந்த 80ஐச் செலவில் கலக்காமல் அப்படியே தவணைக்கு ஒதுக்கினால், மேலும் 40 மட்டும் தேட வேண்டும். புது விகிதம் பிறந்தநாள் வரும் மாதத்துக்கு அடுத்த மாதம் முதல்தான். மார்ச் 10இல் பிறந்தவருக்கு ஏப்ரல் சம்பளத்திலிருந்து. மார்ச்சிலேயே குறைக்கும் சம்பளப் பிரிவுகள் உண்டு. ஒரு மாதச் சந்தாவில் முதலாளியின் 1 விழுக்காடு சத்தமில்லாமல் போய்விடும்.

சம்பளத்தைப் பேசும்போதே சந்தாவைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடலாம். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் வழியாக சிபிஎஃப் இணையப்பக்கத்துக்குள் போய், சந்தா வரலாற்றைத் திறந்தால் மாதத்துக்கு ஒரு வரி இருக்கும். 57 வயதுக் கிடங்கு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 2,000, மிகைநேரம் 500. சிபிஎஃப் கணக்கிட வேண்டியது 2,500க்கு. 34 விழுக்காடு என்றால் 850: முதலாளி 400, ஊழியர் 450. வரியில் 680 என்று இருந்தால் மிகைநேரத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஊழியர் பங்கில் 90 வெள்ளி பிடிக்கப்படாததால் கையில் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கும். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. முதலாளி தர வேண்டிய 80 வெள்ளியோ மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும், வருடத்துக்கு 960. போக்குவரத்துச் செலவைத் திருப்பித் தருவதற்கு சிபிஎஃப் இல்லை. மிகைநேரம், படி, போனஸ் எல்லாவற்றுக்கும் உண்டு.

சந்தா அந்த மாத முடிவில் கட்ட வேண்டியது. அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை பொறுப்பார்கள். அதற்குப் பின் முதலாளி மாதம் 1.5 விழுக்காடு வட்டி கட்ட வேண்டும். எனவே 20ஆம் தேதி வாக்கில் ஒருமுறை பார்க்கும் பழக்கம் நல்லது. குறையிருந்தால் முதலில் சம்பளச் சீட்டைத் தேடி எடுங்கள். சீட்டு தருவது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். வாட்ஸ்அப்பில் வந்த மிகைநேர அட்டவணையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேமநிதிக் கழகத்திடம் புகார் செய்யும்போது ‘ரொம்ப நாளா கட்டல’ என்பதைவிட, எந்தெந்த மாதம், எவ்வளவு என்ற பட்டியல் வேலையைச் சீக்கிரம் முடிக்கும்.

சேமிப்பு குறைவாக உள்ளவர்களிடம் வருவோம். துப்புரவு, பாதுகாவல், உணவங்காடி என்று பாதி வாழ்க்கை குறைந்த சம்பளத்தில் ஓடியவர்களுக்கு 55இல் எல்லாம் சேர்த்து 62,000 இருந்தால் அதுவே பெரிது. முழுத் தொகையைத் தொடவில்லை என்பதால் அவர் எடுக்கக்கூடியது 5,000 வெள்ளி. இந்த 5,000ஐப் பிறந்தநாள் வாரமே வரிசையில் நின்று எடுப்பது ஒரு சடங்கு போலவே ஆகிவிட்டது. அது காலாவதி ஆகும் சலுகை என்று நினைக்கிறார்கள். ஆகாது, 56இலும் எடுக்கலாம், 61இலும் எடுக்கலாம். உள்ளேயே விட்டால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள்: 55 தாண்டியவர்களின் முதல் 30,000க்கு, ஓய்வுக்காலக் கணக்கில் இருந்தால், 6 விழுக்காடு, அடுத்த 30,000க்கு 5. எந்த வங்கி வைப்பிலும் இது கிடைக்காது.

இன்னொன்று. ஓய்வுக்காலக் கணக்கில் அடிப்படைத் தொகைக்குக் கீழே இருக்கும், 55 வயதுக்கு மேற்பட்ட, சராசரி மாத வருமானம் 4,000 வெள்ளியைத் தாண்டாத சிங்கப்பூரர்களுக்கு ஓர் இணைமானியத் திட்டம் உண்டு. வீட்டு மதிப்பு, சொத்து எண்ணிக்கை போன்ற நிபந்தனைகளும் இருக்கின்றன. ரொக்கமாக 2,000 வெள்ளி போட்டால் அரசாங்கம் இன்னொரு 2,000 போடும். வருடத்துக்கு 2,000 வரை, ஆயுளுக்கு 20,000 வரை. 2025 முதல் 70 வயது வரம்பும் நீங்கிவிட்டது. தகுதியைக் கழகமே பார்த்துச் சொல்லிவிடும், விண்ணப்பம் தேவையில்லை. 5,000ஐ வெளியே எடுத்து நகைக்கடையில் கொடுக்கும் அதே வீட்டில் இந்தக் கடிதம் பிரிக்காமல் கிடப்பதைப் பார்க்கலாம். வீட்டோடு இருந்த அம்மாக்களுக்கு இது பொருத்தமான திட்டம். மகனோ மகளோ சீனப் புத்தாண்டு போனஸில் 2,000ஐ அம்மாவின் ஓய்வுக்காலக் கணக்கில் போட்டால் 4,000 ஆகிறது. இணைமானியம் பெறும் தொகைக்கு 2025 முதல் வரிக்கழிவு இல்லை. அதை எதிர்பார்த்துப் போடாதீர்கள். டிசம்பர் 31க்குள் போட வேண்டும். கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.

சொந்த வீடு உள்ளவர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. வீட்டின் குத்தகை உங்கள் 95 வயது வரை தாங்குமானால், முழுத் தொகைக்குப் பதிலாக அடிப்படைத் தொகையை மட்டும் வைத்துவிட்டு மேலே உள்ளதை எடுக்கலாம். ஓய்வுக்காலக் கணக்கில் 150,000 உள்ள, 2026இல் 55 ஆகும் ஒருவர் 110,200ஐ விட்டு 39,800 எடுக்கலாம். எடுத்தால் 65க்குப் பிறகு மாதத் தொகை அதற்கேற்பக் குறையும், வீட்டை ஈடாக வைத்து எடுத்த அந்தப் பங்கும் வீட்டை விற்கும்போது திரும்ப உள்ளே போகும். 1970களில் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்கள் குத்தகையில் எத்தனை வருடம் மிச்சம் என்று முதலில் எண்ணுங்கள். குத்தகை தொடங்கி ஆன வருடங்களை 99இலிருந்து கழித்தால் போதும்.

வீட்டை விற்பது பற்றி நிறையப் பேர் போடும் மனக்கணக்கு தவறு. “வித்தா நாலு லட்சம் வரும், கடன் போக மீதி கையில.” அப்படி வராது. வீட்டுக்காக சிபிஎஃப்பிலிருந்து எடுத்த அசலும், அது உள்ளேயே இருந்திருந்தால் ஏறியிருக்கும் வட்டியும் உங்கள் சொந்தக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். 20 வருடங்களுக்கு முன் ஒரே தடவையில் 100,000 எடுத்திருந்தால், 2.5 விழுக்காட்டில் இன்று திருப்ப வேண்டியது ஏறத்தாழ 163,900 வெள்ளி. இது யாருக்கோ கட்டும் வட்டி இல்லை, உங்கள் கணக்குக்கே வருகிறது. ஆனால் 55 தாண்டி முழுத் தொகை நிரம்பாதவருக்கு அது முதலில் ஓய்வுக்காலக் கணக்கை நிரப்பப் போகும், ரொக்கமாகக் கைக்கு வராது. சின்ன வீட்டுக்கு மாறி, மீதியை வைத்து ஊரில் நிலம் வாங்கலாம் என்று முன்பணம் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், சிபிஎஃப் இணையப்பக்கத்தில் சொத்துப் பகுதியைத் திறந்து, திருப்ப வேண்டிய தொகையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவர் கணக்கிலிருந்தும் எடுத்திருந்தால் இருவருக்கும் தனித்தனியாக.

அரசாங்க வேலை பார்த்தவர்கள் வீட்டில் இந்தச் சண்டை வேறு உருவத்தில் நடக்கும். ஒரே அமைச்சில், ஒரே மாடியில் வேலை செய்த இருவரில் ஒருவருக்கு மாதாமாதம் பென்ஷன், மற்றவருக்கு சிபிஎஃப் மட்டும். 1980களின் பிற்பாதிக்குப் பிறகு சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பென்ஷன் இல்லை. அங்கேயும் வருடம்தான் பேசுகிறது, பிறந்த வருடத்துக்குப் பதிலாகச் சேர்ந்த வருடம். பென்ஷன் சூத்திரம் எளிது: முடித்த ஒவ்வொரு மாதச் சேவைக்கும் சம்பளத்தில் 600இல் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு உச்ச வரம்பு. கடைசிச் சம்பளம் 3,000, சேவை 360 மாதம் என்றால் 1,800 வெள்ளி. 400 மாதத்தில் 2,000. அதற்கு மேல் எத்தனை மாதம் உழைத்தாலும் அதுவே. சம்பளமில்லா விடுப்பு எடுத்தவர்கள் எத்தனை மாதம் சேவையில் சேர்ந்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சரிபார்க்க வேண்டிய இடம் அதுதான்.

சட்டத்தில் இரண்டுக்கும் ஒரு வேடிக்கையான வித்தியாசம் உண்டு. பென்ஷன் முழு உரிமையாகக் கிடைப்பதல்ல என்று பென்ஷன் சட்டமே சொல்கிறது. ஒழுங்கு நடவடிக்கையில் குறையலாம். அதே சமயம், அரசியல் சாசனத்தின் 112ஆம் பிரிவு, சேர்ந்த பிறகு வரும் விதி பழையதைவிடப் பாதகமாக இருந்தால் அது பென்ஷன்காரரைக் கட்டுப்படுத்தாதபடி காக்கிறது. சிபிஎஃப் நேர்மாறு. பணம் முழுக்க உங்களுடையது, கடன்காரர்கூடத் தொட முடியாது. எப்போது, எப்படிக் கைக்கு வரும் என்பதை மட்டும் நாடாளுமன்றம் இடையில் மாற்றலாம். ஹொங் லிம் பூங்காவில் கேட்ட கோபத்தின் வேர் இதுதான் என்று தோன்றுகிறது.

பென்ஷன்காரர்களிடம் அடிக்கடி காணும் தவறு, தங்களுக்கு சிபிஎஃப் இல்லை என்று நினைப்பது. பென்ஷன் பணியில் இருப்பவருக்கும் குறைந்த விகிதத்தில் சந்தா உண்டு, அவருக்கும் 55இல் ஓய்வுக்காலக் கணக்கு திறக்கும். ஆயுள் முழுதும் மாத வருமானம் தரும் பென்ஷன் இருப்பதால், ஓய்வுக்காலத் தொகையை ஒதுக்குவதிலிருந்து முழுதாகவோ பகுதியாகவோ விலக்குக் கேட்கலாம். பென்ஷன் கடிதத்தோடு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், தானாக வராது. இதைத் தெரியாமல் பத்து வருடம் பணத்தைப் பூட்டி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

65 வரும்போது, ஆயுள் முழுதும் மாதத் தொகை தரும் சிபிஎஃப் லைஃப் திட்டம். 1958இலோ பிறகோ பிறந்து, மாதத் தொகை தொடங்கும் சமயம் ஓய்வுக்காலக் கணக்கில் 60,000 இருந்தால் தானாகவே சேர்த்துவிடுவார்கள். எதுவும் சொல்லாமல் இருந்தால் 65இல் பணம் வரத் தொடங்கும் என்று எண்ணாதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் 70இல்தான் தானாகத் தொடங்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடத்துக்கும் தொகை 7 விழுக்காடு வரை கூடும் என்பது உண்மை. உடம்பில் தெம்பும் வேலையும் இருப்பவருக்கு அது சரி. மருந்துச் செலவு இப்போதே கழுத்தைப் பிடிப்பவருக்குச் சரியில்லை. அதே 65இல், 1958இலோ பிறகோ பிறந்தவர்கள் ஓய்வுக்காலச் சேமிப்பில் 20 விழுக்காடு வரை மொத்தமாகவும் எடுக்கலாம். முன்பு எடுத்த 5,000 இதில் கழியும். லைஃபில் தேர்ந்தெடுக்கும் திட்டங்களில், ஏறுமுகத் திட்டத்தின் மாதத் தொகை வருடம் 2 விழுக்காடு ஏறும். ஆனால் தொடக்கத் தொகை, ஏறாமல் வரும் சீரான திட்டத்தைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு குறைவு. நமது வீடுகளில் பெரும்பாலோர் சீரான திட்டத்தையே தேர்கிறார்கள். தனியாக வாழும், நீண்ட ஆயுள் உள்ள குடும்பத்துப் பெண்கள் ஏறுமுகத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

“செத்துப் போனா பணம் அரசாங்கத்துக்கா?” என்ற கேள்வி எப்போதும் வரும். லைஃப் திட்டத்துக்குக் கட்டிய தொகையிலிருந்து அதுவரை மாதாமாதம் பெற்றதைக் கழித்தால் மிஞ்சுவது வாரிசுகளுக்கு. 200,000 கட்டி, 36,000 பெற்றபின் ஒருவர் காலமானால் 164,000. கட்டிய தொகைக்குச் சேர்ந்த வட்டி மட்டும் பொதுவில் போய், அதிக நாள் வாழ்பவர்களின் மாதத் தொகைக்கு உதவும்.

அந்த வாரிசுகள் யார் என்பதில்தான் குடும்பங்கள் உடைகின்றன. உயில் எழுதினாலும் சிபிஎஃப் அதற்குள் வராது. பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற நியமனம் தனியாகச் செய்ய வேண்டும். கல்யாணம் ஆனதும் பழைய நியமனம் ரத்தாகிவிடும். விவாகரத்து ஆனால் ரத்தாகாது. 25 வயதில் அம்மா பெயரை எழுதிவிட்டு 28இல் கல்யாணம் செய்தவருக்கு இன்று நியமனமே இல்லை. விவாகரத்தாகி இருபது வருடம் ஆனவரின் பணம், மாற்றாமல் விட்டால், முன்னாள் மனைவிக்கே போகும். நியமனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் பணம் பொது அறங்காவலரிடம் போய், கட்டணம் கழிந்து, சட்டப்படி பிரியும்: மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி, பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. முஸ்லிம் குடும்பங்களில் ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழ்படி. மாதாமாதம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பணம் கொடுத்துவந்த மகன் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நியமனம் செய்ய இணையத்தில் பத்து நிமிடம் போதும். 21 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் தேவை. பணம் பெறப்போகிறவர் சாட்சியாக முடியாது. இந்த விதி தெரியாமல் மகளையே சாட்சியாகவும் போட்டு நியமனம் தள்ளுபடியான கதை உண்டு. பக்கத்து வீட்டுக்காரரும் வேலையிடத்து நண்பரும் போதும். இணையம் கைவராதவர்கள் பீஷான், ஜூரோங், தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், மேக்ஸ்வெல் சேவை நிலையங்களில் ஒன்றுக்கு முன்பதிவு செய்து போகலாம். தமிழில் பேச ஆள் வேண்டுமா என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். போகும்போது அடையாள அட்டையும், நியமிக்கப்போகிறவர்களின் முழுப் பெயரும் அடையாள எண்ணும் தாளில் எழுதியிருக்கட்டும். பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் பின்னால் பணம் வாங்கும்போது மகன்தான் ஓட வேண்டியிருக்கும். நம் பெயர்களில் ‘S/O’, ‘D/O’ என்பவற்றை அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.